மலைநடையில் சிம்ப்ளெக்ஸ்: எந்த அலைவரிசை, யார் கேட்பது?

போடிமெட்டு:
அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து மேலேறும் பாதையில், வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் டிசம்பரில் நடக்க நண்பர்கள் சிலர் திட்டமிட்டிருக்கிறோம். குழுவில் மூவரிடம் அமெச்சூர் வானொலி உரிமம் இருக்கிறது. உரிமம் பெற்ற இன்னொரு நண்பர் போடிநாயக்கனூரில் தம் வீட்டு மாடியில் ஒரு கருவியோடு இருந்து எங்களைக் கேட்டுக்கொண்டிருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மலை மடிப்புகளுக்குள் கைப்பேசி எட்டுவது நிச்சயமில்லை என்பதால், குரலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் எதையும் நம்பாமல் கருவிக்குக் கருவி நேராகப் பேசும் சிம்ப்ளெக்ஸ் முறையையே கைக்கொள்ள விரும்புகிறோம்.

மலையேற்றமும் வானொலியும் சேர்ந்து வரும் இணையக் கட்டுரைகளில் பெரும்பாலானவை 146.520 மெகாஹெர்ட்ஸைத்தான் சொல்கின்றன, அதைவிட உயர்ந்த யு.எச்.எஃப். பட்டைக்கு 446.000 என்கின்றன. எங்கள் கைக்கருவிகள் இரண்டிலும் வேலை செய்கின்றன. இவற்றையே பதிந்துகொண்டு போகலாமா? குரங்கணிச் சரிவிலிருந்து போடி வரை ஐந்து வாட் எட்டுமா? மலையில் நடந்து பழகிய ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏற்காட்டு அலை:
தம்பி, முதலில் அந்த இரண்டு எண்களையும் கருவியிலிருந்து அழித்துவிடுங்கள். 146.520 அமெரிக்காவின் தேசிய சிம்ப்ளெக்ஸ் அழைப்பு அலைவரிசை, அதாவது யாரையும் முதலில் அழைப்பதற்கான பொது இடம். அங்கே இரண்டு மீட்டர் பட்டை (அலைநீளத்தால் வந்த பெயர்) 144-இல் தொடங்கி 148 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. நமக்கு ஒதுக்கப்பட்டிருப்பதோ 144 முதல் 146 வரை மட்டுமே. உலக வானொலி வரைபடத்தில் நாம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறோம்; அந்த மண்டலத்துக்கான பொது ஒதுக்கீடு 148 வரை போனாலும், இந்தியாவின் தேசிய ஒதுக்கீட்டுத் திட்டம் 146-இல் நிறுத்திவிடுகிறது. அதற்கு மேலே இருப்பவை வேறு பயனாளர்களுக்கு உரியவை. அதுபோலவே எழுபது சென்டிமீட்டர் பட்டையில் நமக்குரியது 434 முதல் 438 வரை, 446.000 அதற்கு வெளியே கிடக்கிறது. கருவி அனுப்புகிறது என்பதற்காக உரிமம் அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது. இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான சீனக் கைக்கருவிகள் 136 முதல் 174 வரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பும் என்பதால், வனத்துறையும் காவல்துறையும் பேசிக்கொள்ளும் இடங்களில் போய் விழுவதும் மிக எளிது.

145.500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் உள்ளடக்கிய முதல் மண்டலத்தின் எஃப்.எம். அழைப்பு அலைவரிசை அதுதான். நம் பட்டைக்குள்ளும் அது அடங்குகிறது. குழுவும் போடி நண்பரும் பேசிக்கொள்ள அதிலிருந்து சற்றுத் தள்ளி, 12.5 கிலோஹெர்ட்ஸ் படிக்குள் பொருந்தும் ஓர் இடத்தை, உங்கள் பகுதி ரிப்பீட்டர்களின் உள்வாங்கும் அலைவரிசையோ வெளியிடும் அலைவரிசையோ அங்கே இல்லை என்று உள்ளூர் ஹாம்களிடம் கேட்டறிந்த பிறகு தேர்ந்தெடுங்கள். 145.800 முதல் 146 வரையான பகுதியை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது செயற்கைக்கோள்களுக்கு உரியது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரல் கீழிறங்குவதும் 145.800-இல்தான். மலையுச்சியிலிருந்து நீங்கள் அதில் பேசினால், கீழே நூறு கிலோமீட்டர் சுற்றளவில் அந்த மெல்லிய குரலுக்காகக் காதைத் தீட்டிக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரின் காதும் அடைபடும்.

நீலமலை:
ஐந்து வாட் எட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு மீட்டரில் தூரத்தைத் தீர்மானிப்பது வாட் அன்று, உயரம். இரு முனைகளின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியில் இருவர் கைக்கருவியோடு நின்றால், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கணக்கு சுமார் பத்து கிலோமீட்டர். வீடும் மரமும் குறுக்கிடும்போது நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. சமவெளியிலிருந்து 1,500 மீட்டர் உயர்ந்த ஒரு விளிம்பில் நின்றாலோ அதே கணக்கு 160 கிலோமீட்டரைத் தொடுகிறது. குறுக்கே மலை எதுவும் நிற்காதவரை, அந்தத் தூரத்தைக் கடக்கக் கைக்கருவியின் ஐந்து வாட்டே போதுமானது. ஐந்து வாட்டை ஒரு வாட்டாகக் குறைத்தால் இழப்பது ஏழு டெசிபெல்தான். பாறை மறைவிலிருந்து பத்தடி நகர்ந்து திறந்த வெளிக்கு வந்தால் அதைவிட அதிகம் கிடைத்துவிடும்.

உங்கள் பாதையில் சிக்கல் உச்சியில் இல்லை, அடியில்தான் இருக்கிறது. மேல் விளிம்புக்கு வந்துவிட்டால் கிழக்கே தேனிச் சமவெளி முழுதும் விரிந்து கிடக்கும்; போடி நண்பருக்கு உங்கள் குரல் தெளிவாக விழும். குரங்கணி ஊரும் பாதையின் முதல் பகுதியுமோ கொட்டகுடி ஆற்றின் பள்ளத்துக்குள் இருப்பவை. அங்கிருந்து போடிக்கு நேர்கோடு போட்டால் ஏதாவது ஒரு மலைக்கை குறுக்கே வரும். விளிம்பைத் தாண்டி மேற்கே, மூணாறுப் பக்கம் இறங்கினாலும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் மலை வந்துவிட்டது என்றால் தொடர்பு அறுந்தது என்றே கொள்ளலாம். ஆகவே சம உயரக் கோட்டு வரைபடத்தை வைத்து, பாதையில் எந்தெந்த வளைவுகளில் போடி கண்ணுக்குத் தெரியும் என்று முன்கூட்டியே குறித்து, அந்த இடங்களில் பேசுவதாக நண்பரோடு பேசி வையுங்கள். கண்ணுக்கு ஊர் தெரிந்தால் காதுக்கும் எட்டும். இரண்டு மீட்டரைப் பொறுத்தவரை இதுவே நம்பத்தக்க அளவுகோல்.

சியரா தமிழரசி:
கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைகளில் நடக்கும் வழக்கம் எனக்கு உண்டு. 146.520 இங்கே பயன்படுவதற்குக் காரணம் அந்த எண் அன்று. அதை யார், எப்போது கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு அதைச் சுற்றி வளர்ந்திருப்பதுதான். 1994-ஆம் ஆண்டு அமெரிக்க அமெச்சூர் வானொலிக் கழகத்தின் க்யூஎஸ்டி இதழில் ‘வைல்டர்னஸ் புரோட்டோகால்’ என்ற முறை முன்மொழியப்பட்டது. காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது 7, 10, 1, 4, 7 என்று, மணி அடித்ததிலிருந்து ஐந்து நிமிடம் ரிப்பீட்டர் எட்டாத இடங்களில் இருப்பவர்களும் அவர்களுக்கு அருகே இருப்பவர்களும் அழைப்பு அலைவரிசையைக் கேட்க வேண்டும். மின்கல வசதி உள்ளவர்கள் எப்போதும் கேட்கலாம். உதவி வேண்டுபவர் முதலில் அழைக்க இடம் விட்டு, மற்றவர்கள் நான்காவது நிமிடத்துக்குப் பிறகே பொதுவான அழைப்புகளை விடுக்க வேண்டும். அவசர அழைப்பாக இருந்தால் விசைப்பலகையின் பூஜ்யத்தை மூன்று விநாடிக்குமேல் அழுத்திப் பிடித்து அந்த ஒலியை அனுப்பிவிட்டுப் பேசலாம். அந்த ஒலியை அடையாளம் கண்டு எழுப்பும்படி அமைத்த கருவிகள் அங்கங்கே காத்திருக்கலாம் என்பது அதன் நோக்கம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சிக்கனம். நாள் முழுதும் கருவியைத் திறந்து வைத்தால் கைக்கருவியின் மின்கலம் இரண்டாம் நாள் தாங்காது. மூன்று மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் என்றால் ஒரே மின்கலம் பல நாள் வரும். கேட்பவருக்கும் அது சுமையில்லை.

ஆனாலும் இந்த மண்ணிலேயே இதை நம்பி மட்டும் யாரும் போகக் கூடாது என்பேன். கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவுகளில் மறுமொழி கிடைப்பதுண்டு. உட்புறப் பள்ளங்களில் பல மணி நேரம் அழைத்தாலும் ஒரு குரல் வராது. பொதுவான யாரோ ஒருவர் கேட்பார் என்பது நம்பிக்கை மட்டுமே. பெயர் தெரிந்த ஒருவர் இந்த நேரத்தில் கேட்கிறேன் என்று சொல்லியிருப்பதுதான் ஏற்பாடு. உங்களுக்குப் போடியில் அப்படி ஒருவர் இருக்கிறார். அலைவரிசையைவிட அவரைத்தான் பெரிய பலமாக நான் கருதுகிறேன்.

கணவாய்:
சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். குழுவில் மூவருக்குத்தான் உரிமம் என்கிறீர்கள். மற்றவர்கள் கையில் அமெச்சூர் கருவியைக் கொடுத்துப் பேசச் சொல்ல முடியாது. பாதையில் குழு இரண்டாகப் பிரிந்து, உரிமம் உள்ள மூவரும் முன்னால் போய்விட்டால் பின்னால் வருபவர்களின் நிலை என்ன? முன்னும் பின்னும் பேசிக்கொள்ள உரிமம் தேவைப்படாத கருவிகளே போதும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் அரை வாட்டுக்குள் இயங்கும் சிறு கருவிகளுக்கு இந்தியாவில் 2018-இலிருந்து உரிமம் வேண்டியதில்லை. நீங்கள் முதலில் கேட்ட 446.000 இந்தப் பட்டையின் விளிம்பில்தான் இருக்கிறது. அந்தச் சிறு கருவிகள் அதற்கென அங்கீகரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஐந்து வாட் அமெச்சூர் கருவியை அந்த எண்ணுக்குத் திருப்பிவைத்துப் பயன்படுத்துவது அந்த விலக்கில் அடங்காது.

இன்னொன்று. குரங்கணி என்று சொல்லும்போதே 2018 மார்ச் 11 நினைவுக்கு வருகிறது. காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. வானொலி கையில் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உலர்ந்த புல்லில் காற்றோடு ஏறிவரும் தீ, தகவல் போய் உதவி வரும்வரை காத்திருப்பதில்லை. தீக்காலத்தில் அந்தச் சரிவில் ஏறாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. டிசம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அனுமதியோடு போவதற்கும் உங்களைப் பாராட்டுகிறேன். வானொலியை அதற்குப் பிந்திய இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

ஏற்காட்டு அலை:
கணவாய் சொல்வது முழுவதும் சரி. குழுவுக்குள் சிறு கருவிகளும் குழுவிலிருந்து ஊருக்கு இரண்டு மீட்டரும் என்று பிரித்துக்கொள்வதே முறை. உரிமம் உள்ள மூவரில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நடந்தால், எந்தப் பாதியும் ஊர்த் தொடர்பு இல்லாமல் நிற்காது.

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வெளிநாட்டு மலையேற்றக் கட்டுரைகள், வானொலியைவிடச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியை வாங்குங்கள் என்று முடிப்பது வழக்கம். அந்த நாடுகளுக்கு அது நல்ல அறிவுரைதான். இந்தியாவிலோ தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியையோ அவ்வகைச் செய்திக் கருவியையோ வைத்திருப்பது குற்றம். விவரம் அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். எனவே கைப்பேசி எட்டாத இடத்தில் சாதாரணக் குடிமகனுக்குச் சட்டப்படி எஞ்சியிருக்கும் சில வழிகளுள் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி ஒன்று. நம் ஊரில் இதைக் கவனமாகக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வணிக நோக்கத்தோடு மலையேற்றம் நடத்துபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: பணம் பெற்று ஆட்களை அழைத்துச் செல்லும் தொழிலை ஒருங்கிணைக்க அமெச்சூர் அலைவரிசைகளைப் பயன்படுத்தக் கூடாது. வழிகாட்டியிடம் உரிமம் இருந்தாலும் இது பொருந்தும்.

போடிமெட்டு:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நீலமலை அண்ணன் சொன்னபடி சம உயரக் கோடுகளைப் பார்த்து நான்கு இடங்களைக் குறித்திருக்கிறோம். கருவி அமைப்பில் ஐயம் ஒன்று இருக்கிறது. சோதனையின்போது நாங்கள் பேசுவது போடி நண்பருக்குக் கேட்கிறது. அவர் பேசுவது எங்களில் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. மூன்றும் ஒரே வகைக் கருவிகள்தாம். ஆண்டெனாவை மாற்ற வேண்டுமா?

நீலமலை:
ஆண்டெனாவுக்கு முன் அந்தக் கருவியின் டோன் அமைப்பைப் பாருங்கள். ரிப்பீட்டருக்காக வைத்த துணை ஒலி, வாங்கும் பக்கத்திலும் பதிவாகியிருந்தால், அந்த ஒலி இல்லாத குரல் எவ்வளவு வலுவாக வந்தாலும் கருவி வாயைத் திறக்காது. சிம்ப்ளெக்ஸில், அதிலும் மலையில், வாங்கும் பக்கத்தில் டோன் இருக்கவே கூடாது. உதவி கேட்கும் அந்நியர் உங்கள் டோனை அறிந்திருக்க மாட்டார். அடுத்து, 600 கிலோஹெர்ட்ஸ் விலக்கம் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ரிப்பீட்டருக்கான அந்த விலக்கம் இருந்தால் கேட்பது ஓரிடத்திலும் பேசுவது வேறிடத்திலுமாகப் போய்விடும். இரண்டு அலைவரிசைகளை மாறிமாறிக் கேட்கும் வசதியையும் நடையின்போது நிறுத்திவைப்பது நல்லது. கடைசியாக ஒலித்த அலைவரிசையில் கருவி தானாகப் போய் நின்றுவிட, அழைப்பு அலைவரிசையில் பேசுவதாக நினைத்து வேறொன்றில் பேசிக்கொண்டிருக்கும் நிலை அதனால் வரும். எல்லாம் சரிபார்த்தபின் விசைகளைப் பூட்டிவிடுங்கள்.

ஆண்டெனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆண்டெனா மிகவும் பலவீனமானது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 49 செ.மீ. அந்த நீளத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை ஆண்டெனாத் திருகின் வெளி உலோகத்தோடு தொடும்படி மாட்டிக் கீழே தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும், செலவும் ஏறக்குறைய இல்லை. தங்கும் இடத்தில் கயிறு போட்டு மரக்கிளையில் ஏற்றும்படி, 300 ஓம் தட்டைக் கம்பியில் செய்த ‘ஜே-போல்’ வகை ஆண்டெனா ஒன்றைச் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். எடை குறைவு, பலன் பெரிது. பேசும்போது கருவியை இடுப்பில் விட்டுவிடாமல் முகத்தருகே நிமிர்த்திப் பிடியுங்கள். உங்கள் உடம்பே குறுக்கே நிற்கும் சுவர் என்பதால், போடி இருக்கும் திசையை நோக்கித் திரும்பி நின்று பேசுங்கள். எதிர்முனை மங்கலாக இருந்தால், இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்க்வெல்ச்சை முழுதும் திறந்து இரைச்சலோடு கேளுங்கள். அது அடைத்து வைத்திருக்கும் மெல்லிய குரல் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வரும்.

சியரா தமிழரசி:
ஒரு கருத்தில் மட்டும் ஏற்காட்டு ஐயாவோடு சற்று வேறுபடுகிறேன். குழுவுக்குப் போடியோடு பேசத் தனி அலைவரிசை என்றீர்கள். கேட்பு நேரங்களில் அழைப்பு அலைவரிசையிலேயே போடியை அழைத்தால், அந்தப் பக்கம் தற்செயலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மதுரை, திண்டுக்கல் நண்பர்களுக்கும் இப்படி ஒரு குழு மலையில் இருக்கிறது என்பது தெரியவரும். போடிக்கு எட்டாத வளைவிலிருந்து வேறொருவருக்கு எட்டும் வாய்ப்பு மலையில் எப்போதும் உண்டு.

ஏற்காட்டு அலை:
ஏற்கிறேன். அழைப்பது 145.500-இல், அடையாளக் குறியைச் சொல்லி, சுருக்கமாக. ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் பேச்சு எதுவானாலும் தனி அலைவரிசைக்குப் போய்விட்டு, முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். மேலேயிருந்து பேசுபவருக்குத் தாம் எத்தனை மாவட்டங்களின் அலைவரிசையைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது தெரிவதில்லை. எஃப்.எம்.மில் வலுவான குரல் மெலிந்த குரலை முழுதாக விழுங்கிவிடும் என்பதால், அடுத்த சரிவில் யாரோ ஒருவர் மங்கலாக அழைப்பதை உங்கள் கதைப்பேச்சு இல்லாமலே ஆக்கிவிடக் கூடும்.

புறப்படும் முன், உரிமத்தில் நிலையான முகவரிக்கு வெளியே இயக்குவது பற்றி உள்ள நிபந்தனைகளை வாசித்துக்கொள்ளுங்கள். உரிமத்தின் நகலைப் பையில் வையுங்கள். மலையேற்ற அனுமதி பெறும்போதே கருவிகளைப் பற்றி வனத்துறையினரிடம் சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் கம்பியில்லாக் கருவியோடு யாரையாவது கண்டால் அவர்கள் ஐயுறுவது நியாயமே.

போடிமெட்டு:
ஏழு, பத்து, ஒன்று, நான்கு என்ற நேரங்களையே வைத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரு நேரத்தில் எங்கள் குரல் வராவிட்டால் போடி நண்பர் என்ன செய்வது?

கணவாய்:
இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு நேரம் தவறினால் அது ஆபத்துக்கு அடையாளமன்று. மலை மறைத்திருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம். நண்பர் குறித்துக்கொண்டு, அந்த மணி முழுதும் கருவியைத் திறந்தே வைத்திருக்கட்டும். வரைபடத்தில் போடி தெரியும் என்று நீங்கள் குறித்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய நேரம் தவறி, அடுத்த நேரமும் தவறினால், அவர் வனத்துறையின் உள்ளூர் அலுவலகத்துக்கு முதலில் சொல்லட்டும். வழிகாட்டியும் பாதையும் அவர்களுக்குத்தான் தெரியும். இருட்டுவதற்குள் கீழே இறங்கியிருக்க வேண்டிய குழு இறங்கவில்லை, குரலும் இல்லை என்றால் 112-க்கு அழைப்பதில் தயங்கக் கூடாது. அவர் கையில் இருக்க வேண்டிய தாளில் எல்லோருடைய பெயர், வீட்டாரின் எண், பாதை, நீங்கள் குறித்த நான்கு இடங்கள், கடைசியாகப் பேசிய இடமும் நேரமும் இருக்கட்டும்.

மேலேயிருந்து உதவி கேட்க நேர்ந்தால் முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இருமுறை படியுங்கள். பிறகு என்ன நேர்ந்தது, எத்தனை பேர், நடக்க முடியுமா, என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, நண்பர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொடர்பு கிடைத்த இடத்தில் கருவியோடு ஒருவர் நின்றுகொள்ள வேண்டும். நல்ல இடம் தேடி அவர் நகர்ந்துவிட்டால் அதே தொடர்பு மறுபடி கிடைக்கும் என்ற உறுதி இல்லை.